லொக்கில் ஆறு நிமிடம்

செத்தவீடு நடந்த மலர்ச்சாலை வாசலில் ஒரு வெள்ளைக்காரர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கழற்றவில்லை. உள்ளே அறுபது எழுபது பேர் கம்பளத்தில் சப்பாத்தோடுதான் நின்றார்கள். இவர் மட்டும் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மூச்சு வாங்கக் குனிந்து, இரண்டையும் சோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு, சாம்பல் நிறக் காலுறையோடு வரிசையின் கடைசியில் வந்து நின்றார்.

புருசனின் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாலாம்பிகை முதலில் அந்த மீசையைத்தான் அடையாளம் கண்டாள். பச்சைச் சீருடையும் தொப்பியும் இல்லாமல், தோளில் இறுகிய கறுப்புக் கோட்டுக்குள் அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படகு ஏற்றி இறக்கும் நீர்க்கதவான லொக்கைத் திறந்து மூடுகிற ரெஜான். தங்கள் படகுக்குள் காலடி வைக்கிற எவரும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று ஏழு வருடமாக அவள் புருசன் மகேந்திரராசா அவரைப் பழக்கி வைத்திருந்தார். தமிழர் கூடுகிற இடமெல்லாம் அதுதான் சட்டம் என்று மனிதர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அவருக்கு முன்னால் வரிசையில் பதின்மூன்று பேர் நின்றார்கள். அவள் எண்ணிப் பார்த்தாள்.

பாலாம்பிகை ஒரு பொய் சொல்லியிருந்தாள். நீளமான பொய் இல்லை, ஒரு சொல்தான். திங்கட்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் சிவாஜினி, தகப்பனின் தமக்கை சிவநேசத்துக்கு ரெலிபோன் எடுத்துச் செய்தியைச் சொன்னாள். பிறகு, "கொம்மாவிட்டைக் குடு" என்றது குரல். பாலாம்பிகை வாங்கிக் காதில் வைத்தாள்.

"பாலா, தம்பிக்குக் கடைசியிலை தண்ணி குடுத்தனியோ?"

"ஓம் மச்சாள்."

அவ்வளவுதான். அந்த 'ஓம்' அன்றிரவே ரொறன்ரோவுக்குப் போனது, விடிய லண்டனுக்குப் போனது, அடுத்த நாள் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிற சின்னத் தம்பிக்கும் போய்ச் சேர்ந்தது. போன இடமெல்லாம் ஆறுதலாகப் போனது. திடீரெண்டு நடந்ததுதான், ஆனால் பெண்சாதி பக்கத்திலை நிண்டு தண்ணி குடுத்திருக்கிறா, குடுத்துவைச்ச மனிசன். மூன்று நாளாக வருகிறவர்கள் எல்லாரும் இதையே அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

சிவநேசத்திடம் அந்தக் கேள்வி இருந்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் ஐப்பசியில் யாழ்ப்பாணம் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அக்கா தம்பி இருவருடைய தாயும் நடந்தாள். ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் தாயை இருத்திவிட்டுக் கூடப் போன ஆட்கள் தண்ணீர் தேடிப் போனார்கள். போத்தலோடு திரும்பி வரும்போது கிழவி சுவரில் சாய்ந்தபடி முடிந்திருந்தாள். இதை எழுதிய கடிதம் மாசி மாதம் பனிக்குள் வந்தது. அன்றிலிருந்து எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் சிவநேசம் இதைத்தான் முதலில் கேட்பாள். தண்ணி குடுத்ததோ? குடுத்தது என்றால் தலையாட்டிவிட்டுப் போய் ஒரு கதிரையில் இருப்பாள். இல்லையென்றால் அதிக நேரம் நிற்கமாட்டாள்.

இப்போது அவள் பாலாம்பிகைக்கு இடப்பக்கத்தில், வெள்ளைச் சேலையில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அறுபத்திரண்டு வயது. வலப்பக்கத்தில் சிவாஜினி நின்றாள். வரிசை நகர்ந்தது. பதினொரு பேர்.

அந்தப் படகு ஒரு விசர் வேலை என்பதில் மொன்றியல் தமிழர் எல்லாருக்கும் ஒரே கருத்துத்தான். மற்றவர்கள் வீடு வாங்கிய வருடத்தில் மகேந்திரராசா படகு வாங்கினார். எழுபதுகளில் பேர்மிங்ஹாமில் கடைசல் பட்டறையில் வேலை செய்தபோது, பஸ் யன்னலால் தினமும் அந்தக் கால்வாய்ப் படகுகளைப் பார்த்திருக்கிறார். ஏழடி அகலம் கூட இல்லாத, ஒழுங்கை மாதிரி நீண்ட இரும்புப் படகுகள். பத்து வருடம் கழித்து, மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஓர் ஆங்கிலேயக் கிழவர் அப்படியொன்றைத் தன் வளவிலேயே ஒட்டத் தொடங்கிப் பாதியில் மனைவியை இழந்து, விற்கப் போட்டிருந்தார். வெறும் கூடு. முப்பத்தாறு அடி, பதினொரு தொன் இரும்பு. மகேந்திரராசா ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை பாலாம்பிகையையும் கூட்டிக்கொண்டு போனார்.

"இதென்ன, வெளியிலை கிடக்கிற கொறிடோரோ?" என்று அவள் கேட்டாள்.

"உள்ளுக்கை வந்து பார்."

உள்ளேயும் கொறிடோர்தான். அதற்குள் அவர் இரண்டு குளிர்காலம் குனிந்த முதுகோடு வேலை செய்தார். முன்பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டருக்கு ஒரு பெட்டி, பின்பக்கத்தில் ஒரு பழைய டீசல் எஞ்சின், அடியில் ஊறுகிற தண்ணீரை இறைக்க ஒரு பம்பி, விறகு போட்டு எரிக்கிற ஒரு குட்டி அடுப்பு. மடித்தால் மேசை, விரித்தால் கட்டில். சமையலுக்கு இரண்டு அடுப்புள்ள காஸ் குக்கர். பற்றரியில் ரைஸ் குக்கர் வேலை செய்யாது என்று தெரிந்தபோது பாலாம்பிகை முகத்தைத் தூக்கிவைத்தாள். பிறகு புட்டுப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறக்க முதல் குழாய்களில் இருக்கிற தண்ணீரை எல்லாம் வடித்து, நஞ்சுச் சிவப்பில் ஒரு திரவத்தை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் உறைந்து வெடித்துவிடும். அந்த வேலைக்கு அவள்தான் போத்தல் பிடிப்பாள்.

சென்ட்-ஆன் கரையில் வெள்ளை வெள்ளையாக மினுங்குகிற உல்லாசப் படகுகளுக்கு நடுவில் அது மட்டும் கரும்பச்சையில் நீட்டாகக் கிடந்தது. கரையில் நின்றவர்கள் பிரெஞ்சுக்காரரின் நீட்டு ரொட்டியை நினைத்து அதை நீட்டுப் பாண் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். மகேந்திரராசாவுக்கு அதில் கோபமில்லை. சரியான பெயர் ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஏழு வருடம் சொன்னார். பெயர் வைக்காமலே வளர்ந்தது.

முதல் வருடம் ஒரு பிழை நடந்தது. இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது லொக். ஒன்றின் நீர்மட்டம் மற்றதை விடக் கொஞ்சம் உயரம். படகுகளை ஒரு சீமெந்துப் பெட்டிக்குள் விட்டு, இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி, தண்ணீரை இறக்கிப் பிறகு மறுபக்கக் கதவைத் திறப்பார்கள். இறங்குகிற வரைக்கும் படகு சுவரோரமாக நிற்க வேண்டும். அதற்குக் கரையில் உள்ள இரும்புக் கட்டையில் கயிற்றைச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்திருப்பார்கள். மகேந்திரராசா பிடிக்கவில்லை, கட்டினார். பேர்மிங்ஹாமில் புத்தகம் பார்த்துப் பழகிய அழகான முடிச்சு. தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே அடுப்பிலிருந்த மீன்குழம்புச் சட்டி வழுக்கி, புதிதாக வார்னிஷ் அடித்த தரையில் முன்பக்கம் வரை போனது. முடிச்சு இறுகி அவிழ்க்க முடியாமல் போக, ரெஜான் ஓடிவந்து கத்தியால் வெட்டினார். அந்தப் படகில் ஐப்பசி வரை மீன் மணத்தது.

அதற்குப் பிறகுதான் சட்டங்கள் வந்தன. முதல் சட்டம், கயித்தைக் கட்டக்கூடாது. இரண்டாவது, விடவும் கூடாது. தண்ணி இறங்க இறங்க இளக்கிக் குடுக்கோணும், கதவு முழுக்கத் திறக்குமட்டும் கையிலை இருக்கோணும், வானம் இடிஞ்சு விழுந்தாலும். அந்த வேலையை அவர் மனைவியிடம் கொடுத்தார். தனக்கு முடிச்சுப் போடுகிற புத்தி திரும்பி வந்துவிடும் என்று பயந்தோ என்னவோ. படகின் நடுக்கூரையிலிருந்து ஒரு கயிறு, பின்தட்டு வரைக்கும் வரும். அதை ஓர் ஆள் பிடித்தால் பதினொரு தொன்னும் நிற்கும். பாலாம்பிகை பிடித்தாள். ஏழு வருடத்தில் ஒரு தடவை கூட விடவில்லை. ரெஜான் மேலே நின்று, "மேடம் கப்பித்தேன்", கப்டன் அம்மா, என்று தொப்பியைத் தூக்குவார். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

எட்டுப் பேர்.

தொழிலாளர் தின விடுமுறை என்பதால் திங்கட்கிழமை லொக் நிறைந்து வழிந்தது. மேல் ஏரியில் ஓக்கா பக்கம் இரண்டு இரவு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒன்பது படகுகளை ஒன்றாக உள்ளே விட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் படகு. அதன் விளிம்பில் மூன்று பிள்ளைகள் இருந்துகொண்டு, இரண்டு படகுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தாய் அதட்டினாள், காலை எடுத்தார்கள், பிறகு திரும்பவும் விட்டார்கள். கதவு சாத்தியது. மகேந்திரராசா எஞ்சினை நிற்பாட்டிவிட்டு நெஞ்சைத் தடவினார்.

"ஒரு மாதிரிக் கிடக்கு," என்றார்.

"விடியவே ரெண்டு தரம் சாப்பிட்டால் வேறை எப்பிடிக் கிடக்கும்."

அவர் பின்தட்டுப் படியில் இருந்தார். அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு எட்டுத்தான். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அவள் கயிற்றை இளக்கினாள்.

"பாலா, தண்ணி கொஞ்சம் தா."

தண்ணீர் கீழே குசினியில் இருந்தது. ஐந்து படி இறங்கி ஐந்து படி ஏற வேண்டும். அவள் பிள்ளைகளின் காலைப் பார்த்தாள். "இருங்கோ, கதவு திறக்கட்டும்," என்றாள். சரி என்பதுபோல ஒரு கையை அசைத்தார். அல்லது வேறு எதற்கோ அசைத்தார். பிறகு படியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, எஞ்சின் மூடியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். கண் திறந்திருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று பிறகு தனக்கே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். தெரிந்துதான் இருந்தது. கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. இளக்கியது, பிடித்தது, இளக்கியது. அந்த லொக்கில் தண்ணீர் மூன்றடிதான் இறங்கும். ஒரு பிள்ளையின் நெஞ்சளவு. அது இறங்கி முடிகிற வரைக்கும் அவள் நின்றாள்.

மூன்று பேர். இரண்டு பேர்.

ரெஜான் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று சிலுவை போட்டார். மகேந்திரராசாவின் நெற்றியில் இருந்த திருநீற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாலாம்பிகைக்கு முன்னால் வந்து, முழங்காலை மடித்துக் குனிந்து, "மேடம் கப்பித்தேன்," என்றார்.

"மெர்சி," என்றாள் அவள். போய்விடுவார் என்று நினைத்தாள்.

அவர் போகவில்லை. நிமிர்ந்து சிவாஜினியின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். அவசரமில்லாமல், கோவிலில் பேசுகிற மாதிரித் தாழ்ந்த குரலில். பாலாம்பிகைக்குப் பிரெஞ்சு கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவுதான் தெரியும். ஆனால் கயிறு என்கிற சொல் தெரியும். ஏழு வருடம் லொக்கில் கேட்ட சொல் அது. அது வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. நிமிடம் என்பதும் ஆறு என்பதும் எவருக்கும் விளங்கும். பிள்ளைகள் வந்தார்கள். பிறகு அவர் தன் இடது கையை மூடிப் பிடித்து, வலது கையால் ஒவ்வொரு விரலாக விரித்துக் காட்டினார். அன்று அவளுடைய விரல்களை அவர் அப்படித்தான் கயிற்றிலிருந்து கழற்றினார். மற்றப் படகுகள் எல்லாம் போய்விட்டன, கதவு விரியத் திறந்திருந்தது, அவள் அப்போதும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அதைப் புகழ்ந்துதான் சொன்னார். அது முகத்தில் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் படம் எடுப்பதற்காகக் கயிற்றை விட்ட ஆட்களைத்தான் அவர் கண்டிருக்கிறார். இப்படி ஒருத்தியைக் கண்டதில்லை. அன்று அந்த இரும்பு நகர்ந்திருந்தால் ஒரு பிள்ளைக்காவது கால் இருந்திராது. இதைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸும் மெற்றோவும் மாறி வந்திருக்கிறார். நல்ல மனிதர். அவர் வராமல் இருந்திருக்கலாம் என்று பாலாம்பிகை மனதார நினைத்தாள்.

அவர் முடித்தார். சிவாஜினி அவருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம் பிள்ளை சொல்லுறார்?" என்று கேட்டாள் சிவநேசம்.

சிவாஜினி தாயின் பக்கம் திரும்பவில்லை. இருபத்துநாலு வயதில் அவள் இந்தக் குடும்பத்துக்கு எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறாள். டொக்டர், வங்கி, இமிகிரேசன் கடிதம், மாமியின் இரத்த அழுத்த மாத்திரை. எல்லாம் உள்ளபடி.

"அப்பாவுக்கு நோகேல்லையாம் மாமி," என்றாள். "அம்மா பக்கத்திலை இருந்து தண்ணி குடுத்தவவாம். தான் மேலை நிண்டு பார்த்தவராம்."

பாலாம்பிகை மடியில் கையைக் கோர்த்துக்கொண்டாள். மகளுக்கு இப்போது தெரியும். தெரிந்துகொண்டு, இரண்டு மூச்சுக்குள், பிசகாமல் ஒரு பொய்யைச் செய்து வைத்துவிட்டாள். அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தேவையில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன்னை நினைத்து அல்ல, மகளை அந்த இடத்தில் நிற்க வைத்ததை நினைத்து.

"ஓ," என்றாள் சிவநேசம்.

அவள் எழும்பவில்லை. இருந்தபடியே தலையை உயர்த்தி ரெஜானைப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் கேட்டாள்.

"ஆறு நிமிடமா, மொசியூ?"

"ஆறு, மேடம். ஏழாகவும் இருக்கலாம்."

"அவ விடவேயில்லை?"

"விடவேயில்லை."

"மெர்சி, மொசியூ. தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். அங்கே கோப்பி வைத்திருக்கிறார்கள், குடித்துவிட்டுப் போங்கள்."

உச்சரிப்புத் தடித்திருந்தது, ஆனால் வசனத்தில் ஒரு பிழை இல்லை. சென்-லோரானில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் அவள் எட்டு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே வேறு மொழியே கிடையாது. சூப்பும் உருளைக்கிழங்கும் கொண்டுபோய்க் கொடுத்து, கிழவிகளின் பிள்ளைகள் வராத கதைகளையெல்லாம் கேட்டிருக்கிறாள். வீட்டில் மட்டும் பேசமாட்டாள். வந்த புதிதில் ஒருநாள் வாயைத் திறந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள், அன்றோடு விட்டாள். பொன்ஜூரும் மெர்சியும்தான் மாமிக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். டொக்டரிடம் போகும்போது சிவாஜினியைக் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் பிரெஞ்சிலும் தமிழிலுமாக இரண்டு தடவை கேட்டுவிட்டு வருவாள்.

ரெஜான் தலையைச் சாய்த்துவிட்டுக் கோப்பி மேசைப் பக்கம் போனார். சிவாஜினியின் காது சிவந்துவிட்டது. அவள் குனிந்து பூக்களைச் சரிசெய்யத் தொடங்கினாள். அவை சரியாகத்தான் இருந்தன.

பாலாம்பிகை காத்திருந்தாள். சிவநேசம் எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தாள். தண்ணீர் கிடைக்காத வீட்டில் அவள் இருக்கமாட்டாளே. அல்லது இவ்வளவு சனத்துக்கு முன்னால், "ஏனடி என்னட்டைப் பொய் சொன்னனீ?" என்று கேட்பாள். கேட்கட்டும். கேட்டால் மற்றதையும் சொல்லிவிடலாம். ரெஜானுக்கும் தெரியாததை. அவர் கேட்டவர் மச்சாள், வாய் திறந்து கேட்டவர், நான் இருங்கோ எண்டு சொன்னனான். மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிற அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டால் பிறகு யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் பக்கவாட்டில் திரும்பினாள்.

சிவநேசம் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஈரமில்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி மெதுவாக அசைந்தது.

"மச்சாள்," என்றாள் பாலாம்பிகை.

"பொறு. ஆக்கள் வருகினம்."

வந்தது திரேசம்மா. இவர்கள் முதலில் இருந்த பார்க் எக்ஸ்ரென்சன் கட்டடத்தில் மேல் மாடிக்காரி, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கிறவள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். சேலைக்கு மேலே போட்டிருந்த கோட்டில் வெங்காய மணம் இருந்தது. பாலாம்பிகையைக் கட்டிப்பிடித்து அழுதாள். மூக்கைத் துடைத்தாள்.

"இப்பதான் றோட்டிலை ஆரோ சொல்லிச்சினம். எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. கடைசியிலை நீ கிட்ட நிண்டனியோ? ஒரு சொட்டுத் தண்ணியெண்டாலும்..."

"திரேசம்மா அக்கா," என்று பாலாம்பிகை தொடங்கினாள். "அவர் கேட்டவர். நான்..."

"குடுத்தவ," என்றாள் சிவநேசம்.

அவள் குரலை உயர்த்தவில்லை. கையை நீட்டித் திரேசம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அவன் கேட்டவன், இவ குடுத்தவ. கோப்பை எடுக்க நேரமில்லை, கையாலை அள்ளிக் குடுத்திருக்கிறா. மூண்டு மிடறு குடிச்சவன். தலையை மடியிலை வைச்சிருந்திருக்கிறா. அங்கை நிண்ட வெள்ளைக்காரன் பார்த்திருக்கிறான், அந்தா நிக்கிறான், கோப்பி குடிக்கிறான். நான் அவனிட்டையே கேட்டனான்."

திரேசம்மா திரும்பிப் பார்த்தாள். காகிதக் கோப்பையோடு நின்ற ரெஜான் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கண்டு மரியாதையாகத் தலையைச் சாய்த்தார். திரேசம்மாவும் சாய்த்தாள்.

"மாதா காத்தா," என்றாள். "குடுத்துவைச்ச மனிசன்."

"ஓம்," என்றாள் சிவநேசம். "குடுத்துவைச்சவன்."

திரேசம்மா நகர்ந்தாள். அடுத்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர்கள் கேட்கவில்லை, சிவநேசமே சொன்னாள். கையால் அள்ளி, மூன்று மிடறு, தலை மடியில். அதற்குப் பிறகு மகேந்திரராசாவோடு வேலை செய்த அருமைநாதன் வந்தார், அவருக்கும் சொன்னாள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பாலாம்பிகை கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொல்லவிருந்த வசனத்தைச் சொல்ல இனி இடமில்லை என்பது அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள், கேட்டுவிட்டு இப்படிச் செய்கிறாள். இது மன்னிப்பா, தண்டனையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. சிவநேசத்தின் முழங்கை அவளுடைய முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அது விலகவில்லை.

நாலு மணிக்கு ஐயர் வந்து, கிரியை தொடங்கலாமா என்று கேட்டார். இளம் ஐயர், ரொறன்ரோவிலிருந்து வந்தவர். தர்ப்பையையும் செம்பையும் எடுத்து வைத்துவிட்டு, பாலாம்பிகைக்கு முன்னால் குனிந்து, பத்திரம் நிரப்புகிறவர் போலக் கேள்விகள் கேட்டார். பிறந்த நட்சத்திரம். தகப்பனின் பெயர். உயிர் போன நேரம்.

"மூண்டே கால்," என்றாள் பாலாம்பிகை.

"கடைசி நேரத்திலை வாயிலை தண்ணி, பால் ஏதும் விட்டனீங்களோ அம்மா? இல்லையெண்டால் இப்ப முதலிலை அதைச் செய்யோணும். அதுதான் கேக்கிறன்."

அவள் இடப்பக்கம் பார்த்தாள். சிவநேசம் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. முன்னால் பார்த்தபடி இருந்தாள். மகள் பூக்களுக்குப் பக்கத்தில் நின்றாள். செம்பில் தண்ணீர் நிறைய இருந்தது. இல்லை என்று சொன்னால் போதும், அவர் அதை எடுத்து அவளுடைய கையில் தருவார், அவள் இப்போதாவது விடலாம். ஆனால் இவ்வளவு பேருக்கும் கேட்கும்.

"குடுத்தனான் ஐயா," என்றாள் பாலாம்பிகை. "கையாலை. ரெண்டு மிடறு குடிச்சவர்."

"மூண்டு," என்றாள் சிவநேசம்.